போட்டிக்குக் குவில்ட் தைப்பவர்கள் கோட்டை விடும் இடங்கள்

போட்டிக்கென்று முதல்முறை குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும் சிலருடைய வேலையைப் பார்த்தேன். நான் விழுந்து எழுந்த அதே பள்ளத்தை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நூல் பிசிறை வெட்டுங்கள், பூனை முடியை எடுங்கள் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அளக்காமல் பார்டர் தைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். நீளமாக ஒரு பட்டையை வெட்டி, குவில்டின் ஓரத்தில் பார்டராக வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிகிற இடத்தில் மிச்சத்தைக் கத்தரித்துவிடுவது. வேலை சட்டென்று முடியும், சரி. ஆனால் ஓரம் என்பது வெட்டி, தைத்து, இஸ்திரி போட்டு ஏற்கெனவே இழுபட்டுப்போன இடம். போதாக்குறைக்கு மெஷினின் பல் அடித்துணியைத்தான் வேகமாக இழுக்கும். பார்டர் அடியில் இருந்தால் தேவைக்கு மேலேயே உள்ளே போய்விடும்.

60 அங்குலக் குவில்ட் ஒன்றில் எனக்கு இப்படி ஒன்றரை அங்குலம் கூடுதலாகப் போனது. கட்டிலில் விரித்தபோது ஒன்றும் தெரியவில்லை. கம்பியில் தொங்கவிட்டதும் ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி அலைந்தது. முந்தின ராத்திரி ஆவி இஸ்திரி போட்டு அமுக்கிப் பார்த்தேன், காலையில் மறுபடி அலை. இரண்டு மாதம் உட்கார்ந்து போட்ட இறகு டிசைனைப் பற்றி மதிப்பீட்டுத் தாளில் ஒரு வார்த்தை இல்லை, ஓரத்தைப் பற்றி மட்டும் இருந்தது.

குவில்டைத் தரையில் விரித்து, நீளத்தை நடுவில் ஒரு முறை, அதற்கு இரண்டு பக்கமும் சற்றுத் தள்ளி ஒவ்வொரு முறை அளந்து சராசரி எடுங்கள். 60, 60¼, 60½ என்று வந்தால் இரண்டு பட்டையும் 60¼தான், ஓரம் என்ன நீளம் இருந்தாலும். பட்டையிலும் ஓரத்திலும் பாதி, கால் இடங்களைக் குறித்து, குறியோடு குறி சேர்த்துப் பின் குத்துங்கள். பக்கவாட்டுப் பார்டர் முடிந்த பிறகு அகலத்தைப் புதிதாக அளந்து மேலும் கீழும் போடுங்கள். பட்டையைத் துணியின் கரைக்கு இணையாக வெட்டுங்கள். பாவு நூல் அவ்வளவாக இழுபடாது.

நடுவில் நெருக்கம், ஓரத்தில் அவசரம்

அடுக்குகளைச் சேர்த்து டிசைன் தைக்கும்போது நெருக்கித் தைத்த இடம் சுருங்கும், விட்டுவிட்டுத் தைத்த பார்டர் தொளதொளக்கும். அளந்து போட்ட பார்டரும் இதில் அலையும்.

கால் அங்குலத் தையல்

துண்டுகளை இணைக்கும்போது விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் போக வேண்டிய தையல் 1/16 அங்குலம் உள்ளே தள்ளினால் இரண்டு துணியிலும் சேர்த்து 1/8 போகும். 12 பிளாக் (தைத்து முடித்த சதுரம்) வரிசையில் 11 இணைப்பு. ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

தண்ணீரில் அழியும் நீல மார்க்கர்

டிசைன் வரைந்த கோட்டைக் கழுவும்வரை அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள்.

தொங்கவிடும் உறை

பல போட்டிகளில், குவில்டின் பின்பக்கம் கம்பி நுழைக்க 4 அங்குல உறை கேட்பார்கள், விதியைப் பாருங்கள். பைண்டிங் (விளிம்பைச் சுற்றி மூடும் பட்டை) போடும்போதே அதன் மேல்விளிம்பையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். கடைசி ராத்திரிக்குத் தள்ளினால் அரைத் தூக்கத்தில் போடும் கைத்தையல் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.