தோட்டத்து ஏரிக்கரை: நல்ல எண்ணத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மலேசியாவில் உள்ள எங்கள் டவுன் ஏரிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. தூண்டில்காரர்கள், நடக்க வரும் பெரியவர்கள், ஐஸ்கிரீம் மோட்டார், செல்ஃபி எடுக்கும் பிள்ளைகள். எல்லார் முகமும் தண்ணீரைப் பார்த்தபடிதான் இருக்கும். முதுகுப் பக்கம் கரை எவ்வளவு தூரம் சரிந்து இறங்குகிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே இப்போது ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, இருக்கிறது. என் அக்கா வீடு அதில்தான். எனக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்டால் இதுதான் பதில்.

இந்த ஏரி இயற்கையாக வந்ததல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ரப்பர் தோட்டத்து ஆலைக்காக ஓர் ஓடையை மறித்து மண்கரை போட்டார்கள். ரப்பர் பாலில் தண்ணீர் கலக்க, உறைந்ததைக் கழுவ என்று ஆலைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆலை மூடப்பட்டது. ஏரி மட்டும் நின்றது. அதற்கு வேலியும் பெஞ்சும் விளக்கும் வைத்துப் பொழுதுபோக்குப் பூங்கா என்று பலகை மாட்டினார்கள். பலகை மாறினாலும் அது அணைதான்.

'சின்னக் குளம்தானே' என்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. ஐந்து ஹெக்டர் பரப்பும் சராசரி இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியில் 1,00,000 கன மீட்டர் தண்ணீர் நிற்கும். எடையில் ஒரு லட்சம் டன். பன்னாட்டுக் கணக்கில் பெரிய அணை என்றால் பொதுவாக 15 மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். தோட்டத்துக் கரைகள் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வராது. ஆனால் ஆபத்தை உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை, கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்றொரு மண் அணை இருந்தது. சுமார் 12 மீட்டர்தான் உயரம். முதலில் மின்சாரம் எடுக்கக் கட்டியது, பின்னாளில் வெறும் பொழுதுபோக்கு ஏரியானது. 1977 நவம்பர் 6 அதிகாலை, மழையில் உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம். 39 பேர் இறந்தார்கள்.

'எழுபது வருஷமாக நிற்கிறதே, இனியா விழப்போகிறது?' என்று கேட்பவர்களும் உண்டு. கிழவருக்கு எண்பது வயதாகிவிட்டது, இனி நோயே வராது என்று சொல்வது போலத்தான் இது. கரைக்குள் புதைந்திருக்கும் பழைய இரும்புக் குழாய் ஆண்டுக்கு ஆண்டு துரு ஏறுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் போய்விடும். கடைசியில் கரையின் மேல் திடீரென்று ஒரு பள்ளம் தெரியும். அதை லாரி மண் கொண்டு மூடிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. மண் போன வழி கீழே திறந்தே கிடக்கிறது.

அடுத்தது கலிங்கு. ஊர்ப்பக்கத்து ஏரிகளில் உபரி நீர் வழிய விடும் இடத்துக்கு அதுதான் பெயர். இங்கே ஸ்பில்வே என்போம். மண்கரைக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. கான்கிரீட் அணை மேல் தண்ணீர் வழிந்தாலும் ஓரளவு தாங்கும். மண்கரை மேல் வழிந்தால் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். ஆனால் மீன் ஓடிவிடக் கூடாது என்று அங்கே வலை கட்டுகிறார்கள், ஏரி நிறைந்து அழகாகத் தெரிய வேண்டும் என்று பலகையோ மணல் மூட்டையோ அடுக்குகிறார்கள். ஆகாயத்தாமரையும் மட்டையும் பிளாஸ்டிக்கும் வந்து வலையில் அடைத்துக்கொள்ளும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1889-ல் பென்சில்வேனியாவில் நடந்ததைச் சொல்லலாம். கால்வாய்க்காகக் கட்டிய பழைய சவுத் ஃபோர்க் அணையைப் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று வாங்கியது. வண்டிகள் போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்க வழிந்தோடும் இடத்தில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்களை முன்பே யாரோ கழற்றி விற்றிருந்தார்கள். இவர்களும் மாற்றிப் போடவில்லை. மே 31 அன்று பெருமழையில் தண்ணீர் கரை மேல் ஏறியது. கீழே ஜோன்ஸ்டவுன் நகரம். இறந்தவர்கள் 2,209 பேர். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. மீன் வேண்டும், வண்டிப் பாதை வேண்டும், அவ்வளவுதான்.

மரம் வைப்பதும் இப்படித்தான். நிழல் வேண்டும் என்று கரைச் சரிவில் மரக்கன்று நடும் விழாக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது மலைச்சரிவுக்குச் சரி. அணைக்கரையில் மரம் செத்தால் வேர் மக்கி, அந்த வழியே தண்ணீர் நடக்கும். காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டும் வரும். அதற்காக இன்றே பெரிய மரங்களை வெட்டிச் சாய்ப்பதும் தவறுதான். வேர் உள்ளேயே மக்கும். பொறியாளர் சொல்லும் முறையில்தான் வேரோடு எடுத்து, குழியை இறுக்கி நிரப்ப வேண்டும். கரைக்கு நல்லது குட்டையாக வெட்டிய புல். என் தாத்தா தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக, இருந்த காலத்தில், மழைக்காலத்துக்கு முன்னால் ஆள் விட்டு லாலாங் புல் முழுவதையும் வெட்டச் சொல்வாராம். புல் குட்டையாக இருந்தால்தான் உடும்பு தோண்டிய பொந்தும் புதிய ஈரமும் கண்ணில் படும்.

இனி கசிவுக்கு வருவோம். மண்கரை கசியாமல் இருக்காது. தெளிந்த தண்ணீர் வருஷக்கணக்கில் ஒரே அளவில் கசிந்தால் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். அளவு கூடினாலோ, கலங்கி வந்தாலோதான் கவலை. கலங்கல் என்றால் கரை தன் உள்மண்ணையே வெளியே அனுப்புகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு துளை பின்னோக்கி நீண்டுகொண்டே போய் ஏரியைத் தொட்டுவிட்டால் அப்புறம் நேரமே இருக்காது. கசியும் தண்ணீரை உள்ளே தெரியும் ஒரு பாட்டிலில் பிடித்து ஓரமாக வைத்துப் பாருங்கள். அடியில் மண் படிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, கசியும் வாயில் களிமண்ணைப் போட்டு அடைப்பது. பிட்டுக்கு மண் சுமந்த கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கரையில் ஓட்டை என்றால் கை தானாகக் கூடையைத் தேடுகிறது. ஆனால் வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, கரை ஊறி, வேறு பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரை வெளியே விட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். அதற்குச் சரியான அளவு மணலும் அதன் மேல் சரளையும் வடிகட்டி போல அடுக்குவார்கள். எந்த மணல், எவ்வளவு கனம் என்பது பொறியாளர் வேலை.

பயந்துபோய் மதகை முழுவதும் திறந்துவிடுவதும் ஆபத்து. நீர்மட்டம் வேகமாக இறங்கினால், ஊறிய உள்சரிவு தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் சரிந்துவிடும். கீழே இருப்பவர்களுக்கும் அது வெள்ளம்தான். 2013 அக்டோபரில் கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனது அணை உடைந்து அல்ல. கனமழையில் சுல்தான் அபூபக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால்.

சின்னத் தவறுகள் சில. கரை மேல் டைல் பதித்தால் விரிசல் மறைந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஓடி உச்சியில் குழிவு விழுந்தால், வெள்ளம் முதலில் அங்கேதான் வழியும். தூர் வாரும்போது எக்ஸ்கவேட்டர் கரையின் அடியைத் தோண்டக் கூடாது. மேலே செம்பனை போய் வீடுகள் வந்தால், அதே மழைக்கு ஏரிக்குள் தண்ணீர் முன்னைவிட வேகமாக ஓடிவரும். துரை காலத்து ஸ்பில்வே அந்தக் கணக்குக்குக் கட்டியதல்ல. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் நமக்கு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களின் மாலை இடிமழைதான் சோதனை.

யாரிடம் சொல்வது என்பதுதான் பெரிய குழப்பம். தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறியிருக்கும். புல் வெட்டுவது ஒருவர், நிலம் இன்னொருவர் பெயரில். முதலில் நில அலுவலகத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். நீர்ப்பாசன வடிகால் துறைக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் எழுத்தில், படத்தோடு கொடுங்கள். 2017-ல் வந்த மைடேம்ஸ் என்ற அணைப் பாதுகாப்பு வழிகாட்டியைக் கடிதத்தில் குறிப்பிட்டால், பேச்சு 'குளம்' என்பதிலிருந்து 'அணை' என்பதற்கு நகரும். கலங்கிய தண்ணீர் திடீரென்று பெருகினாலோ, சரிவு புதிதாக இடிந்தாலோ கடிதமெல்லாம் வேண்டாம். அவசர எண் 999-ஐ அழைத்துவிட்டு, கீழ்வரிசை வீடுகளைத் தட்டுங்கள். வீடியோ எடுக்கக் கரை மேல் ஏறாதீர்கள்.

நான் மாதத்தின் முதல் ஞாயிறு கரையின் பின்பக்கம் இறங்கி, ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கிறேன். அளவு தெரிய என் செருப்பைக் கழற்றி ஈரத்தின் பக்கத்தில் வைப்பேன். மார்ச்சில் ஈரம் ஒரு செருப்பு நீளம் இருந்தது. இந்த மாதம் இரண்டு. தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் வருகிறது. கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன்.