டயப்பர் வாங்க முடியாத குடும்பங்களைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டயப்பர் தட்டுப்பாட்டைப் பற்றிப் பொதுவில் பேசுகிறவர்கள், நன்கொடை தரக்கூடியவர்களையும் சட்டம் இயற்றுகிறவர்களையும் மனத்தில் வைத்தே பெரும்பாலும் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நூலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பையும், வானொலிப் பேட்டியையும், கைபேசியில் பகிரப்படும் படத்தையும், டயப்பர் வாங்கப் பணமில்லாத தாயும் பார்க்கிறாள், கேட்கிறாள். டயப்பரைத் திரட்டித் தேவைப்படும் குடும்பங்களுக்கு இலவசமாகத் தரும் அமைப்புகளை டயப்பர் வங்கிகள் என்கிறார்கள்; அவற்றை இணைக்கும் தேசிய டயப்பர் வங்கி வலையமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, டயப்பர் அணியும் வயதில் குழந்தை உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று போதுமான டயப்பர் வாங்க முடியாமல் திணறுகிறது. ஆகவே இளம் பெற்றோர் கூடியிருக்கும் எந்த அரங்கிலும் அவள் இருக்கிறாள் என்று கொள்வதே சரி. கேட்பவர்களின் வரிசையில் அவளையும் சேர்க்க மறப்பது முதல் தவறு. மற்றத் தவறுகளில் பல அதிலிருந்தே கிளைக்கின்றன.

அந்தப் புள்ளிவிவரத்தையும் கவனமாகக் கையாள வேண்டும். 'அமெரிக்கக் குடும்பங்களில் பாதி' என்று சுருக்கினால் அது பொய்யாகிவிடும். டயப்பர் வயதுக் குழந்தை உள்ள குடும்பங்கள் என்ற வரையறை எப்போதும் கூடவே வர வேண்டும். 2017-இல் வெளியான பழைய ஆய்வின் 'மூன்றில் ஒன்று' என்ற கணக்கையும் இதையும் ஒரே துண்டுப் பிரசுரத்தில் ஆண்டு குறிப்பிடாமல் கலந்தால், வாசகர் இரண்டையுமே நம்ப மாட்டார்.

'துணி டயப்பரைத் துவைத்துப் பயன்படுத்தலாமே' என்ற யோசனைக்கு விடை வைத்திருக்காமல் மேடை ஏறுவது அடுத்த தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்த யோசனையை நாமே எளிய தீர்வாக முன்வைப்பது. கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் துவைக்கும் இயந்திரம் இல்லாத குடும்பம் காசு போட்டுத் துவைக்கும் பொதுச் சலவைக்கடைக்குத்தான் போக வேண்டும், அத்தகைய கடைகள் பலவற்றில் அழுக்கு டயப்பரைத் துவைக்க அனுமதியில்லை. அனுமதி இருந்தாலும், இரண்டு வேலைகளுக்கு நடுவில் ஈரமூட்டையோடு பேருந்து ஏறி வருவதற்கு நேரம் வேண்டும். அத்துடன், பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களில் பெரும்பாலானவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பரையே, அன்றைய நாளுக்குத் தேவையான அளவு, பெற்றோரே கொண்டுவர வேண்டும் என்று கேட்கின்றன. ஞாயிறு இரவு ஒரு தாய் பொதியைப் பிரித்து எண்ணுகிறாள், நான்கு மிச்சம். காலையில் காப்பகத்தில் ஐந்து கொடுக்க வேண்டும், இரவைக் கடக்கக் குறைந்தது இரண்டு வேண்டும், சம்பளமோ வெள்ளிக்கிழமைதான். டயப்பர் இல்லாமல் காப்பகம் குழந்தையை ஏற்காது, காப்பகம் ஏற்காவிட்டால் அவளால் வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போகாத நாளின் கூலி அடுத்த பொதியின் விலையைத் தின்றுவிடும். இந்தச் சங்கிலியை ஒருமுறை நிதானமாக விளக்கிவிட்டால், துணி டயப்பர் கேள்வி பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுகிறது.

'அரசு உதவி இருக்கிறதே' என்ற நினைப்பும் மிகப் பரவலானது. அதைத் திருத்தாமல் விடுவதால் ஏற்படும் சேதம் பெரிது. அரசு உதவி கிடைத்தும் டயப்பர் இல்லையென்றால் பணத்தை வேறெதிலோ செலவழித்துவிட்டார்கள் என்ற முடிவுக்குக் கேட்பவர் வந்துவிடுவார். உண்மை என்னவென்றால், ஸ்நாப் என்ற உணவு உதவித் திட்டத்திலும், தாய்சேய் ஊட்டச்சத்துக்கான விக் திட்டத்திலும் கிடைக்கும் பணத்தில் டயப்பர் வாங்க முடியாது. டானிஃப் என்ற ரொக்க உதவியில் வாங்கலாம்தான், ஆனால் வாடகை, மின்கட்டணம், பேருந்துச் செலவு எல்லாமே அதே சிறு தொகையிலிருந்துதான் போக வேண்டும். டயப்பருக்கோ ஒரு குழந்தைக்கு மாதம் சுமார் 80 முதல் 100 டாலர் ஆகிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது உண்மையே. அந்தப் பெரிய பெட்டிக்கு ஒரே தடவையில் கொடுக்கப் பணமும், தொலைவிலுள்ள பெருங்கடைக்குப் போக வாகனமும் இல்லாதவர்கள் அருகிலுள்ள கடையில் சிறு பொதியாக வாங்கி, ஒவ்வொரு டயப்பருக்கும் அதிக விலை கொடுக்கிறார்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: 2024-இல் டென்னசி மாநிலம் வருவாய் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் திட்டத்தின் வழியாக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாதம் 100 டயப்பர் வரை வழங்கத் தொடங்கியது. இத்தகைய செய்தி கேட்பவருக்கு, தன்னாலும் ஏதாவது செய்ய முடியும் என்ற பிடிப்பைத் தருகிறது.

உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது மிகைப்படுத்தத் தூண்டுதல் அதிகம். டயப்பரை நெடுநேரம் மாற்றாமல் விட்டால் தோல் சிவந்து புண்ணாகும், சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் வாய்ப்புண்டு. இதைச் சொன்னால் போதும். 2013-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வருவாய் குறைந்த தாய்மாரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் டயப்பர் பற்றாக்குறையைத் தெரிவித்தனர்; மனநல உதவி தேவைப்படும் தாய்மாரிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே அந்த ஆய்வு காட்டியது. 'டயப்பர் இல்லாததால் மனச்சோர்வு வருகிறது' என்று எழுதுவது ஆய்வு சொல்லாததைச் சொல்வதாகும்.

நான் மிகவும் வருந்தும் தவறு படங்களிலும் கதைகளிலும் நடப்பது. அழும் குழந்தை, புண்ணான தோல், தலைகுனிந்த தாய் என்று படம் போட்டால் அந்த வாரம் நன்கொடை கூடலாம். ஆனால் அந்தக் குழந்தை பத்து வயதாகிப் பள்ளியில் படிக்கும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். உதவி பெற வந்து வரிசையில் நிற்கும் பெண்ணிடம் 'ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா' என்று கேட்டால், அவளால் எப்படி மறுக்க முடியும்? பொதியைக் கொடுத்து முடித்து, சில நாள் கழித்து, மறுத்தாலும் உதவி நிற்காது என்று தெளிவாகச் சொன்ன பிறகு கேட்பதுதான் முறையான சம்மதம். ஈர டயப்பரை உலர்த்தி மீண்டும் கட்டிய கதையைச் சொல்லத்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும். அத்தாய் தானே முன்வந்து தன் சொற்களில் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. நாம் அதிர்ச்சிக்காகச் சொன்னால், அதே நிலையிலிருக்கும் இன்னொரு தாய், உதவி கேட்டால் தன் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சி ஒதுங்கிவிடுவாள். 'அலட்சியம்', 'பொறுப்பற்ற பெற்றோர்' என்ற சொற்களை மறுப்பதற்காகக்கூட எடுத்தாள வேண்டாம். மறுப்பு மறந்துபோகும், சொல் மட்டும் நினைவில் தங்கும்.

நன்கொடை கேட்கும்போது 'டயப்பர் தாருங்கள்' என்று மட்டும் சொன்னால், பிறந்த குழந்தைக்கான மிகச் சிறிய அளவுகள் குவிந்துவிடும். குழந்தை அந்த அளவில் சில வாரங்களே இருக்கும். நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிட்ட பெரிய அளவுகளே நெடுங்காலம் தேவைப்படுகின்றன. குழந்தை வளர்ந்துவிட்டதால் பிரித்துப் பாதியில் மிஞ்சிப்போன பொதிகளையும் பல டயப்பர் வங்கிகள் வாங்கிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது, அதை அறிவிப்பிலேயே எழுதலாம். டயப்பர் வங்கி பெரும்பாலும் மாதத் தேவையில் ஒரு பகுதியைத்தான் தர முடியும் என்பதையும் மறைக்கக் கூடாது; 'இனி எந்தக் குழந்தைக்கும் கவலையில்லை' என்ற வாசகத்தை நம்பி வந்து, மாதத்தின் பாதிக்கு மட்டும் பெற்றுத் திரும்பும் தாய்க்கு அது ஏமாற்றமாகவே முடியும்.

இறுதியாக, ஒவ்வொரு அறிவிப்பிலும் நன்கொடை முகவரிக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், டயப்பர் தேவைப்படுவோருக்கான வரிகள் இருக்க வேண்டும்: எங்கே, எந்த நாள், எந்த நேரம், எந்த ஆவணம் வேண்டும், எது வேண்டாம், வேறு மொழி பேசுகிறவர் யாரைக் கேட்கலாம். 'தகுதியுள்ளோர் அணுகவும்' என்று எழுதினால், தனக்குத் தகுதி உண்டா என்று தெரியாத பாட்டி வரமாட்டார். 'உங்கள் வீட்டுக் குழந்தைக்கு டயப்பர் வேண்டுமானால் செவ்வாய்தோறும் மாலை நான்கு முதல் ஏழு மணிக்குள் வாருங்கள்' என்று எழுதினால், பேரனைக் கூட்டிக்கொண்டு வருவார்.