சினிமா சங்கத்தில் கார்டு வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"தம்பி, கார்டு இருக்கா?" சென்னையில் சினிமா வேலைக்கு வருகிற எல்லாரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பவர் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கலாம், சங்கத்திலிருந்து ஸ்பாட்டைப் பார்க்க வந்தவராக இருக்கலாம். சங்க உறுப்பினர் அட்டை இல்லை என்றால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. வேலை பார்த்திருந்தால்தான் கார்டு தருவார்கள், கார்டு இருந்தால்தான் வேலை தருவார்கள். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

ஒரு தொழில்நுட்பப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்த எனக்குக் கார்டு கைக்கு வர ஆறு வருடம் ஆனது. அதில் பாதிக்கு மேல் தவறான வழியில் அலைந்ததில் போனது. யாராவது பெரிய மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும் என்று நினைத்து ஒவ்வொரு வாசலாக நின்றேன். கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தது ஒரு மெல்லிய ஃபைலும் அதிலிருந்த பதினோரு காகிதங்களும். உங்கள் வருடங்களாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தச் சங்கம் என்பதில் தெளிவு வேண்டும். 'பெப்சியில் சேர வேண்டும்' என்று பலர் சொல்கிறார்கள். பெப்சி, அதாவது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம், ஒரு கூட்டமைப்பு. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒப்பனை, சண்டைப்பயிற்சி, டப்பிங், லைட்மேன் என்று இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் அதற்குள் இருக்கின்றன. தனி ஆள் சேர்வது அந்தந்தத் துறைச் சங்கத்தில்தான். நடிகர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் இதற்குள் வராதவை. இது தெரியாமல் தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பெரும்பாலான சங்கங்கள் முதலில் கேட்பது, இத்தனை படங்களில் உதவியாளராக வேலை பார்த்ததற்கான கடிதம். அதை உங்கள் துறைத் தலைவரோ இயக்குநரோ தயாரிப்பு நிறுவனமோ லெட்டர்பேடில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். படம் நடக்கும்போது அதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். "சார் டென்ஷனில் இருக்கிறார், ரிலீஸ் ஆகட்டும், அப்புறம் கேட்போம்" என்று தள்ளிப்போடுவோம்.

என் முதல் படத்தில் பதினான்கு மாதம் வேலை பார்த்தேன். எண்பது சதவீதம் முடிந்த நிலையில் படம் நின்றுபோனது. அது இனி வராது என்று உறுதியான பிறகு, கடிதம் கேட்கலாம் என்று சாலிகிராமத்தில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் போர்டு இல்லை. உள்ளே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. படத்தின் பூஜை அழைப்பிதழை ஒட்டியிருந்த சுவரில் பசைத் தடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. தயாரிப்பாளர் சொந்த ஊருக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. பதினான்கு மாத உழைப்புக்கு ஆதாரமாக இருந்திருக்கக்கூடியவை சில பேட்டா (தினப்படி) வவுச்சர்கள் மட்டும். கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்த வவுச்சர்களை நகல் எடுத்து வைத்திருக்கவும் இல்லை.

அதனால் ஒவ்வொரு ஷெட்யூல் முடியும்போதும் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். படத்தின் பெயர், உங்கள் பெயர், செய்த வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற நான்கும் இருந்தால் போதும். நீங்களே டைப் செய்து எடுத்துப்போய்க் கொடுத்தால் கையெழுத்து இரண்டு நிமிட வேலை. கால்ஷீட் தகவல் வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள். டைட்டிலில் பெயர் வந்தால் அந்த இடத்தைப் படமெடுத்து வையுங்கள். ஆதார் அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டலும் டைட்டிலில் வரும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் மாறியதற்காக ஒரு நண்பருடைய விண்ணப்பம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

ஹாலிவுட்டிலும் 'வேலை இருந்தால் கார்டு, கார்டு இருந்தால் வேலை' என்கிற இந்தச் சுற்று உண்டு. அங்கே சாக்-ஆஃப்ட்ரா என்ற நடிகர் சங்கத்தில் சேர ஒரு வழி, சங்க ஒப்பந்தத்தின்கீழ் துணை நடிகராக 3 நாள் வேலை பார்த்ததற்கான ஆதாரத்தைக் காட்டுவது. அதற்கான வவுச்சருக்காக அங்கேயும் ஆட்கள் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

விதிகளைப் படிக்காமல் வதந்தியை நம்புவது

டீக்கடையில் ஒருவர் ஐந்து படம் என்பார், இன்னொருவர் மூன்று போதும் என்பார், மூன்றாமவர் இப்போது சேர்க்கையே இல்லை என்பார். சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்தவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். தொழிற்சங்கமாகப் பதிவு செய்த எந்த அமைப்பும் தன் விதிகளைத் தொழிற்சங்கப் பதிவாளரிடம் கொடுத்தே பதிவாகியிருக்கும். யாரைச் சேர்க்கலாம் என்பதும் அந்த விதிகளில் இருக்கும். முதலில் சங்க அலுவலகத்தில் மரியாதையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். சில அமைப்புகள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அவற்றின் ஆவணங்கள் பதிவுத்துறையிடம் இருக்கும்.

விதியைப் படிப்பதால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையில் நடந்த ஒரு வழக்கே சாட்சி. அங்கே ஒப்பனைக் கலைஞர்களின் சங்கம் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டை தராமல் இருந்தது. பெண் என்றால் முடி அலங்காரம் மட்டும், முகத்துக்கு ஒப்பனை போடுவது ஆணின் வேலை என்று பல வருடமாக நடந்துவந்தது. மகாராஷ்டிராவில் ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. முறையாகப் பயிற்சி பெற்று வந்த சாரு குரானா என்ற கலைஞருக்கு அட்டை மறுக்கப்பட்டது. அவரும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 நவம்பர் 10 அன்று அந்த இரண்டு விதிகளையும் நீதிமன்றம் ரத்து செய்தது. சங்கம் எழுதி வைத்திருந்த வரிகளையே சட்டத்தின் முன்னால் வைத்துத்தான் அவர்கள் ஜெயித்தார்கள். 'அங்கே பெண்களைச் சேர்க்க மாட்டார்களாம்' என்ற வாய்ப்பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு இது நடந்திருக்காது.

உங்களுக்கும் இது பொருந்தும். "இப்போ இல்லப்பா, அப்புறம் வா" என்று வாயால் சொல்வதைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். தர மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். சேர்க்கை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அது எந்தக் கூட்டத்தின் முடிவு என்று பணிவாக எழுதிக் கேளுங்கள். நான் நான்கு வருடம் வாய்மொழிப் பதில்களோடு திரும்பி வந்தவன். எழுதிக் கேட்ட பிறகு வந்த முதல் பதிலிலேயே எந்தெந்தக் காகிதம் குறைகிறது என்ற பட்டியல் இருந்தது.

கார்டு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுப்பது

நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. சேர்க்கைக் கட்டணம் சில துறைகளில் லட்சத்தைத் தொடும், அதனால் 'பாதியில் முடித்துத் தருகிறேன்' என்ற பேச்சு இனிக்கும். சங்க அலுவலகத்தில், சங்கத்தின் பெயரில் ரசீது வாங்கிக்கொண்டு கட்டும் பணம் மட்டுமே கட்டணம். தவணை உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். நகையை அடகு வைத்துத் தரகரிடம் கொடுத்துவிட்டு ஊருக்கே திரும்பிப்போன பையன்களை எனக்குத் தெரியும். நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

உள்ளே இருப்பவர்களை எதிரியாக நினைப்பது

இது என்னிடமும் இருந்தது. கோபத்தில் ஒரு மூத்த உறுப்பினரிடம், "நீங்கள் மட்டும் சாப்பிட்டால் போதுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, நான் வந்த காலத்துல ராத்திரி பகல் தெரியாது. சம்பளம் பாதி வரும், பாதி வராது. சங்கம் வந்த பிறகுதான் நேரத்துக்கு ஒரு கணக்கு, கூலிக்கு ஒரு கணக்கு வந்துச்சு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் போன்றவர்கள் முன்னின்று கட்டிய அமைப்புகள் இவை. இசைக் கலைஞர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் பேரம் பேச ஒரு பலம் கிடைத்தது அப்படித்தான். 1997இல் பெப்சிக்கும் படைப்பாளிகள் தரப்புக்கும் மோதல் வந்து படப்பிடிப்புகள் மாதக்கணக்கில் முடங்கின. யாரை வைத்து வேண்டுமானாலும் படம் எடுப்போம் என்று தயாரிப்பாளர் சங்கம் 2017இல் அறிவித்தது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு, புதிதாக வருகிறவன் குறைந்த கூலிக்கு வேலை செய்து தன் இடத்தை எடுத்துவிடுவானோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். வேலி அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாரிசுக்கு ஒரு வழி, வெளியூர்ப் பிள்ளைக்கு ஒரு வழி என்று நடந்தால் அது அநியாயம், அதை எங்கேயும் சொல்வேன். ஆனால் விண்ணப்பத்தை முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்கள் வேண்டும். எதிரியாக நினைத்தவரிடம் போய் அந்தக் கையெழுத்தைக் கேட்க முடியாது.

என் விண்ணப்பத்தை வழிமொழிந்தவர் அந்த மூத்தவர்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வீட்டுத் திண்ணையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினோரு காகிதத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு கடிதத்தில் தேதி இல்லாததைக் கண்டுபிடித்து, "இதை மாத்திட்டு வா, செயற்குழுவில் இதைத்தான் பிடிப்பாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மாற்றி எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.