லிம்ப் ஆன ஆட்டத்தில் பட்டன்: கடைசி ஆள் செய்யும் தவறுகள்

நோ லிமிட் ஹோல்டெம் போக்கர், பிளைண்ட் (இரண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமாகப் போடும் பணம்) 50/100, ஆளுக்குப் பத்தாயிரம் சிப். முன்னால் இரண்டு பேர் ரெய்ஸ் செய்யாமல், அதாவது தொகையை உயர்த்தாமல், நூறு மட்டும் போட்டு நுழைகிறார்கள். இதுதான் லிம்ப். சீட்டு போடுபவரின் இடமான பட்டனில் இருக்கும் நீங்களும் நூறு போடுகிறீர்கள். ஸ்மால் பிளைண்ட் மீதி ஐம்பதைச் சேர்க்கிறார், பிக் பிளைண்ட் செக் (மேலே எதுவும் போடாமல் கடத்துகிறார்). ஐந்து பேர், நடுவில் 500. ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் கடைசியாகப் பேசப்போவது நீங்கள்தான். இவ்வளவு நல்ல இடத்தில் உட்கார்ந்தும் பலர் பணத்தை விடுவதற்குக் காரணம், ரெய்ஸ் ஆன ஆட்டத்தின் பழக்கத்தை அப்படியே இங்கும் கொண்டுவருவது.

அதில் பெரிய தவறு டாப் பேரை (பொதுச் சீட்டில் பெரியதோடு சேரும் ஜோடியை) மிதமிஞ்சி நம்புவது. உங்களிடம் ராஜா-பத்து, ஃப்ளாப்பில் ராஜா, 8, 5. ஒரு பெட் போடுங்கள், தப்பில்லை. டர்னிலும் போடலாம். ஆனால் அதுவரை அமைதியாக இருந்த பிக் பிளைண்ட் அந்த டர்ன் பெட்டை ரெய்ஸ் செய்தால்? அவர் கூடுதலாக ஒரு சிப்கூடப் போடாமல் ஃப்ளாப்பைப் பார்த்தவர். இரண்டு ஜோடி தரும் 8-5 முதல் எந்த இரண்டு சீட்டும் இருக்கலாம். யாராவது முதலில் ரெய்ஸ் செய்திருந்தால் அந்த 8-5 அப்போதே குப்பைக்குப் போயிருக்கும். 500 சிப்புக்காகத் தொடங்கிய சண்டையில் மீதி 9,900-ஐயும் ஒரு ஜோடியை நம்பிக் கொடுக்காதீர்கள். ஃபோல்ட்: சீட்டைக் கீழே வைத்து விலகுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் செக் செய்துவிட்டார்கள் என்பதற்காகவே ஃப்ளாப்பில் வெறுங்கையோடு பெட் போடுவது. கணக்கைப் பாருங்கள். 500-க்கு 250 போட்டால் மூன்றில் ஒரு முறை எல்லோரும் ஒதுங்கினாலே கைக்காசு போகாது. எதிரில் ஒரே ஆள், அவர் 70 சதவீதம் ஃபோல்ட் செய்பவர் என்றால் பிரமாதம். நான்கு பேரும் அப்படிப்பட்டவர்களே என்றாலும், நால்வரும் ஒரே நேரத்தில் ஒதுங்க வாய்ப்பு 24 சதவீதம்தான். டர்னிலும் எல்லோரும் மறுபடி செக் செய்யட்டும். இரண்டு முறை கைவிட்டவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே கைவிட்டவர்கள். அங்கே போடும் 250-க்கு மரியாதை அதிகம். அந்த வாய்ப்பையும் விட்டுவிட்டுச் செக் செய்து ரிவருக்குப் போகிறவர்கள் எதற்காகக் கடைசியில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

ஃப்ளஷ் டிராவோடு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர இன்னும் ஒன்று வேண்டிய கையோடு) இருக்கும்போது வேறு கதை. ஹார்ட்டினில் 7-6 வைத்திருக்கிறீர்கள், ஃப்ளாப்பில் இரண்டு ஹார்ட்டின், எல்லோரும் செக். நீங்களும் செக் செய்தால் அடுத்த சீட்டு இலவசம். அது ஹார்ட்டினாக வர 47-ல் 9 வாய்ப்பு. பெட் போட்டு, யாராவது பெரிதாக ரெய்ஸ் செய்தால் அதைப் பார்க்காமலே எழ வேண்டியிருக்கும். ஹார்ட்டின் வந்த பிறகும் ஏழு உயரமுள்ள ஃப்ளஷுக்காக மொத்தச் சிப்பையும் தள்ளாதீர்கள். ஐந்து பேர் மலிவாக நுழைந்த ஆட்டத்தில் ஒரே இனத்தில் இரண்டு சீட்டு வைத்திருப்பவர்கள் நிறைய. ஏஸ் உள்ள டிரா என்றால் தாராளமாக அடிக்கலாம்.

செட் (கையிலுள்ள ஜோடியோடு பொதுச் சீட்டில் அதே சீட்டு ஒன்று சேர்ந்து மூன்றாவது) கிடைத்தவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறு: ஆள் ஓடிவிடுவார் என்று பயந்து கொஞ்சமாகப் போடுவது. ஒருவர் கடைசிவரை கால் செய்கிறார், அதாவது நீங்கள் போட்ட அளவு தானும் போடுகிறார் என்று வைப்போம். மூன்று சுற்றிலும் நடுவில் உள்ளதில் பாதி பாதி போட்டால் 250, 500, 1,000. அவரிடமிருந்து வருவது 1,750. நடுவில் உள்ளதை முழுசாகப் போட்டால் 500, 1,500, 4,500, வருவது 6,500. தொடக்கத்தில் ரெய்ஸ் இல்லாததால் நடுவில் பணம் குறைவு. அதை வளர்க்கும் வேலை உங்களுடையது, அதுவும் ஃப்ளாப்பிலிருந்தே.

ரிவரில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்களைவிட மோசமான கை கால் செய்யுமா? டர்னில் எல்லோரும் செக் செய்து, ரிவரிலும் உங்களிடம் செக் வந்தால், அதே ராஜா-பத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். எட்டு ஜோடி வைத்திருப்பவர் ஆர்வத்தில் கால் செய்வார். எட்டு ஜோடி உங்களிடம் இருந்தால், செக் செய்து சீட்டைத் திருப்பிக் காட்டுங்கள்.