எட்டு சென்சார், ஒரு 4051: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் ஓர் இறால் குட்டையில் எட்டு இடங்களில் வெப்பநிலை பார்க்க வேண்டும் என்று வையுங்கள். ஆர்டினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் வோல்டேஜை அளக்கும் அனலாக் பின் ஆறுதான். உடனே கை போவது, எட்டு சேனல்களில் ஒன்றை மட்டும் ஒரு பொதுப் பின்னோடு இணைக்கும் சிடி4051 மல்டிபிளெக்சர் சிப்புக்கு. தேர்வில் குறையில்லை. அதை வெறும் வயர் போல நினைத்து மாட்டுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

அடிக்கடி காண்பது இது: பொதுப் பின்னான 3-இலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர், எட்டு சேனல்களிலும் வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் 10 கிலோஓம் தெர்மிஸ்டர்கள். ரெசிஸ்டர் செலவு மிச்சம்தான், ஆனால் திறந்திருக்கும் சேனலின் தடை தெர்மிஸ்டரோடு தொடரில் சேர்ந்துவிடும். 5 வோல்ட் சப்ளையில் அந்தத் தடை வழக்கமாக 470 ஓம். டேட்டாஷீட் 1050 ஓம் வரை அனுமதிக்கிறது. 25 டிகிரியில் இத்தகைய தெர்மிஸ்டர் டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் மாறும். ஆகவே அளவீடு ஒரு டிகிரிக்கு மேல் குறைத்தே காட்டும். புரோகிராமில் ஒரு எண்ணைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்றால், சிப் சூடாகும்போது அந்தத் தடையும் மாறும். ஒவ்வொரு தெர்மிஸ்டருக்கும் தனி ரெசிஸ்டர் போட்டு, இரண்டும் சேரும் நடுப்புள்ளியை மட்டும் சேனலுக்குக் கொடுங்கள். சேனல் வழியே கரன்ட் ஏறக்குறைய ஓடாது. தடை எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை.

நீரின் அமில-காரத் தன்மையை அளக்கும் பிஎச் மின்முனையை நேரே 4051-இல் மாட்டுவது இதைவிட மோசம். கண்ணாடி மின்முனையின் தடை 100 மெகாஓம் அளவில் இருக்கும். 1 நானோஆம்பியர் கசிந்தாலே 0.1 வோல்ட் பிழை. ஒரு பிஎச் அலகுக்குக் கிடைப்பதோ சுமார் 59 மில்லிவோல்ட். உள்ளீட்டில் பிகோஆம்பியர் அளவே கரன்ட் (பயாஸ்) இழுக்கும் ஆப்ஆம்ப் பெருக்கி முதலில், மல்டிபிளெக்சர் பிறகு. பிஎச் 7-ஐத் தாண்டினால் மின்முனை நெகட்டிவ் தரும், குட்டை நீர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆகவே ரெஃபரன்ஸ் பக்கத்தை 2.5 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள்.

ஆடியோவிலும் இதே கதைதான். 4051-இன் நெகட்டிவ் சப்ளைப் பின்னான 7 கிரவுண்டில் இருக்கும்போது சிக்னல் பூஜ்யத்துக்குக் கீழே அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் உள்ளிருக்கும் டயோடு கடத்தும், பக்கத்துச் சேனல்களும் கெடும். பின் 7-க்கு நெகட்டிவ் சப்ளை கொடுங்கள், அல்லது சிக்னலைப் பாதி சப்ளையில் நிறுத்துங்கள். சும்மா தொங்கவிடவே கூடாது. பின் 6-ம் அப்படித்தான்: அது ஹை ஆனால் எட்டுச் சேனல்களும் மூடிவிடும்.

கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் சிப்பைவிட போர்டே அதிகம் கசியும். சோல்டர் செய்தபின் மிஞ்சும் ஃபிளக்ஸ் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்தி, அக்ரிலிக் பூச்சு அடியுங்கள். ஈரத்தின் மேலேயே பூசினால் அது உள்ளேயே தங்கிவிடும்.

ஈஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்கு: 5 வோல்ட்டில் ஓடும் 4051-இன் சேனல் தேர்வுப் பின்களுக்கு ஹை என்றால் குறைந்தது 3.5 வோல்ட். ஈஎஸ்பி32 போர்டு தரும் 3.3 வோல்ட், பிரெட்போர்டில் சில நாள் வேலை செய்யும், பிறகு சேனல் தவறும். 74எச்சிடி4051 போட்டால் 2 வோல்ட்டே போதும்.

சேனல் மாற்றியதும் வரும் முதல் அளவீட்டைத் தூக்கிப்போடுங்கள். வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் கப்பாசிட்டரில் முந்தைய சேனலின் வோல்டேஜ் மிச்சமிருக்கும். ஊனோவுக்கு சிக்னல் மூலத்தின் தடை 10 கிலோஓமுக்குள் இருப்பது நல்லது. 4051-இன் சப்ளைப் பின்னான 16-க்கு ஒட்டினாற்போல் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கப்பாசிட்டரும் வேண்டும்.