உபுண்டுவில் லேப்டாப்பின் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டைக் கணக்கீட்டுக்குத் தயார் செய்வது எப்படி?

இன்டெல் ப்ராசசரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸ் ஒன்று, தனியாக ஒரு என்விடியா கார்டு என்று இரண்டும் உள்ள லேப்டாப்புக்கான விளக்கம் இது. உபுண்டு 24.04-ஐ வைத்துச் சொல்கிறேன். நம் திட்டம் எளிது: திரையில் படம் காட்டும் வேலை முழுக்க இன்டெல்லுக்கு, என்விடியா கணக்கீட்டுக்கு மட்டும். என்விடியா கார்டில் 4 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது என்றால் அதில் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் பங்கு கேட்கவே கூடாது, ஏஐ மாடலை ஏற்றும்போது இடம் போதாமல் நின்றுவிடும்.

படி 1: டிரைவர்

உபுண்டு நிறுவும்போது மூன்றாம் தரப்பு மென்பொருளுக்கான பெட்டியை டிக் செய்யாமல் விட்டிருந்தால் நூவோ என்ற டிரைவர்தான் ஓடிக்கொண்டிருக்கும். படம் காட்ட அது போதும், ஆனால் கூடா (CUDA, என்விடியா கார்டில் கணக்கீடு செய்ய உதவும் மென்பொருள்) அதில் ஓடாது. 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து 'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கத்துக்குப் போய், 'டெஸ்டெட்' என்று குறித்திருக்கும் என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுத்து 'அப்ளை' கொடுங்கள். என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கி நிறுவச் சொல்லும் பழைய விளக்கங்கள் நிறைய உண்டு, புதியவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள், அடுத்த கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட்டிலேயே சிக்கல் வரலாம்.

படி 2: செக்யூர் பூட்

பலரும் தடுமாறும் இடம் இதுதான். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே துவக்கத்தில் ஏற்ற விடும் பாதுகாப்பு வசதி) இயங்கும் கணினியில், டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் சாதாரண எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து ஒன்றைக் கொடுத்து, அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும், சில நொடிகள்தான் காத்திருக்கும், உடனே ஒரு விசையை அழுத்தி 'என்ரோல் மாக்' (Enroll MOK), 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் நிறுவியிருந்தும் கெர்னல் அதை ஏற்றாது. பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்றால், கூடவே விண்டோஸ் வைத்திருப்பவர்களிடம் விண்டோஸ் அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் ரெகவரி சாவியைக் கேட்கலாம், கவனம்.

படி 3: சோதனை

டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுங்கள் (ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்: nvidia-smi). கார்டின் பெயரோடு அட்டவணை வந்தால் சரி. அதன் மேல்பகுதியில் தெரியும் கூடா பதிப்பு, இந்த டிரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்பதைத்தான் காட்டுகிறது. கூடா டூல்கிட் (கூடா நிரல்களை எழுத உதவும் தனித் தொகுப்பு) நிறுவப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

படி 4: வேலைப் பிரிவினை

'என்விடியா செட்டிங்ஸ்' செயலியில் 'ப்ரைம் ப்ரொஃபைல்ஸ்' போய் 'ஆன்-டிமாண்ட்' வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் நினைவகம் கிட்டத்தட்ட முழுசாகக் காலியாக இருக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள், பல லேப்டாப்களில் அந்தத் துளை நேராக என்விடியாவோடுதான் இணைந்திருக்கிறது.

படி 5: பைடார்ச்

பைத்தானில் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத தனி இடம்) உருவாக்கி, அதற்குள் பிப் (pip) என்ற நிறுவும் கருவி மூலம் பைடார்ச் (PyTorch) என்ற ஏஐ நூலகத்தை நிறுவுங்கள். அதற்கு வேண்டிய கூடா கோப்புகள் கூடவே வந்துவிடும், அதனால் டவுன்லோடு பெரிதாக இருக்கும், டூல்கிட் தனியாகத் தேவையில்லை. பைத்தானில் டார்ச்சை இம்போர்ட் செய்து, torch.cuda.is_available() என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 'ட்ரூ' வர வேண்டும்.

லேப்டாப்பை மூடித் திறந்தபின் அது திடீரென்று 'ஃபால்ஸ்' ஆனால் பயப்பட வேண்டாம், ஸ்லீப்பிலிருந்து எழும்போது இப்படி ஆவதுண்டு. ஓடும் பைத்தானை மூடிவிட்டு டிரைவரின் ஒரு பகுதியான என்விடியா யூவிஎம் மாட்யூலை ஆர்எம்மாட் கொண்டு இறக்கி (sudo rmmod nvidia_uvm), மாட்ப்ரோப் கொண்டு மறுபடி ஏற்றுங்கள் (sudo modprobe nvidia_uvm). அதுவும் சிரமமாக இருந்தால் ஒரு ரீஸ்டார்ட் போதும்.