ஒரு கண் மங்கி, அசைத்தால் வலித்தால்: பார்வை நரம்பு அழற்சியைக் கவனிக்கும் முறை

உடலின் தற்காப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பைத் தாக்கும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) பலருக்கு முதலில் கண்ணில்தான், பார்வை நரம்பு அழற்சியாகத் தலைகாட்டும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஒரு கண்ணின் பார்வை மங்கும். கண்ணை உருட்டினால் பின்பக்கம் வலிக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இந்த வலி உண்டு.

சந்தேகம் வந்தால் கண்களைத் தனித்தனியே பாருங்கள். கண்ணாடி அணிபவர் கழற்ற வேண்டாம். உள்ளங்கையைக் குழித்து ஒரு கண்ணை மறையுங்கள். விழியை அழுத்தினால் அந்தக் கண் சற்று நேரம் மங்கும், சோதனை கெட்டுவிடும். சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். பிறகு பளிச்சென்ற சிவப்பு மூடி ஒன்றை இரு கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். பாதித்த கண்ணில் அது வெளிறியோ, செங்கல் நிறமாகவோ தெரியும். மங்கல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றோ மறுநாளோ கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். சிவப்பு சரியாகத் தெரிகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

நரம்புக்குள் நடப்பது இது: ரத்தத்திலிருக்கும் தற்காப்பு அணுக்களான டி செல்கள், வழக்கமாகத் தங்களைத் தடுத்து நிறுத்தும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி நுழைகின்றன. அவை கிளப்பும் அழற்சியில் நரம்பிழைகளின் மயலின் உறை உரிந்துபோகிறது. உறை போன இடத்தில் சமிக்ஞை தாமதமாகும், அல்லது நின்றே போகும். வீக்கம் வடிந்ததும், உறை ஓரளவு திரும்ப வளர்வதாலும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பார்வை மீளத் தொடங்குகிறது. ஆனால் அறுந்த இழை மறுபடி முளைக்காது. அதன் வேராகிய விழித்திரை உயிரணுவும் மடியும். மூன்று முதல் ஆறு மாதங்களில் விழித்திரை அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் நரம்பிழை அடுக்கு மெலிந்திருப்பது தெரியும். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பவரும் "எல்லாம் வெளுத்துத் தெரிகிறது" என்பது இதனால்தான். அதை நம்ப வேண்டும்.

மருத்துவர் டார்ச்சை இரு கண்களுக்கும் மாற்றி மாற்றி அடிப்பார். பாதித்த கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது கண்பாவை சுருங்காமல் விரிந்தால் கோளாறு நரம்பில். மூன்றில் இரண்டு பேருக்கு அழற்சி விழிக்குப் பின்னால் இருப்பதால் நரம்பின் முகப்பு இயல்பாகவே தெரியும். ஆகவே "கண் நன்றாக இருக்கிறது" என்பதோடு நின்றுவிடாமல், கண்குழிக்கும் மூளைக்கும் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

சிகிச்சையில் அதிகம் தவறு நடப்பது ஸ்டீராய்டில். 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மெத்தில்பிரெட்னிசலோன் 250 மி.கி. ஆறு மணிக்கொரு முறை மூன்று நாள் ரத்தக்குழாய் வழி ஊசியாகவும், அடுத்து 11 நாள் பிரெட்னிசோன் மாத்திரையும் கொடுத்தபோது பார்வை சீக்கிரம் திரும்பியது. இறுதிப் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசோன் மாத்திரையை மட்டும் எடுத்தவர்களுக்கோ அழற்சி திரும்ப வருவது கூடியது. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை நோயோ தொற்றோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டு கண்ணும் ஒருசேரப் போனாலோ, வெளிச்சம்கூடத் தெரியாவிட்டாலோ, சில வாரமாகியும் மீளாவிட்டாலோ வேறு நோயாக இருக்கலாம். அந்த நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4, மோக் எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை அவசியம், எம்.எஸ். மருந்துகள் சில அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளால் வரும் நோயை மோசமாக்கும்.

குணமான பிறகும் வெந்நீர்க் குளியலிலோ உடற்பயிற்சியிலோ பார்வை மங்கலாம். உறை இழந்த இழை சூட்டில் சமிக்ஞையைத் தவறவிடுகிறது. உடல் குளிர்ந்ததும் தெளிந்தால் அது புதிய தாக்குதல் அல்ல. காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அழையுங்கள்.